கண்வலிக்கிழங்கு வைத்தியம்: வீட்டிலிருந்தபடியே கற்றுக்கொள்வது எப்படி?

தேவையான பொருட்கள்: செல்போன் ஒன்று, மூட்டுவலி உள்ள உறவினர் ஒருவர், "நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை" என்ற வாசகத்தின் மீது அசைக்க முடியாத நம்பிக்கை. கிழங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மூன்றும் கைவசம் இருந்தால் நீங்கள் வைத்தியர்தான். சித்த மருத்துவம் படிக்க பி.எஸ்.எம்.எஸ். என்று ஐந்தரை ஆண்டுப் படிப்பு ஒன்று இருக்கிறது. பாளையங்கோட்டையில் அதற்கென்றே அரசுக் கல்லூரி 1964 முதல் நடக்கிறது. தப்பித் தவறியும் அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். அங்கே நஞ்சு மருத்துவத்தைப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தவர்கள் கிழங்கைக் கையில் எடுக்கவே யோசிப்பார்கள். யோசிக்கிறவர் எப்படிக் குடும்ப வைத்தியராக முடியும்?

எந்த மூலிகையில் தொடங்குவது?

துளசி, தூதுவளை, கற்பூரவள்ளி எல்லாம் வேண்டாம். அவற்றைச் சளிக்குக் கொடுத்தால் சளி போகும், அல்லது போகாது. அதோடு கதை முடிந்தது, யாரும் உங்களை நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பெயர் வாங்க வேண்டுமென்றால் செங்காந்தளைத் தொடுங்கள்.

அதன் பெருமையைப் பாருங்கள். தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய தொண்ணூற்றொன்பது பூக்களில் முதல் பூ. முருகனுக்கு உரியது. ஊருக்கு ஊர் பெயர் வேறு: கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, வெண்தோண்டி, யாழ்ப்பாணத்துக்குப் போனால் கார்த்திகைப்பூ. கடல் தாண்டி ஜிம்பாப்வேக்கும் இதுதான் தேசிய மலர். 1947-ல் இளவரசி எலிசபெத்தின் இருபத்தோராவது பிறந்தநாளுக்குத் தென் ரொடீசியக் குழந்தைகள் சார்பில் கொடுத்த வைர புரூச்சும் இந்தப் பூவின் வடிவம்தான். இவ்வளவு பெருமை உள்ள செடியில் விஷம் இருக்குமா என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வியைப் போடுங்கள். பதில் எழுத வேண்டியதில்லை. கேள்விக்குறியைப் பார்த்தே நாற்பது பேர் கைகூப்பிவிடுவார்கள்.

இருக்கிறது என்பதுதான் பதில். பூ, இலை, தண்டு, விதை, கிழங்கு எல்லாவற்றிலும் கொல்சிசின் என்னும் நச்சு இருக்கிறது. அதிலும் கிழங்கிலும் விதையிலும் அதிகம்.

செடியைக் கண்டுபிடிப்பது

மழைக்காலத்தில் இதைவிட எளிதில் அடையாளம் தெரியும் செடி இல்லை. வேலியிலோ புதரிலோ ஏறியிருக்கும். பற்றிக்கொள்ள இதற்குத் தனிக் கொடிச்சுருள் கிடையாது. இலையின் நுனியே நீண்டு, சுருண்டு, பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். மொட்டு தலைகுனிந்து இருக்கும். விரிந்ததும் ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து, ஓரம் நெளிந்து, மேல்நோக்கி எரியும். முதலில் பச்சை கலந்த மஞ்சள், பிறகு அடி மஞ்சள் நுனி சிவப்பு, கடைசியில் முழுச்சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நிறத்தையும் பார்க்கலாம். சூல்தண்டு மட்டும் அடியிலேயே மடங்கி, சொந்தப் பூவின் மகரந்தத்தோடு ஏதோ மனஸ்தாபம்போலப் பக்கவாட்டில் விலகி நிற்கும்.

இவ்வளவையும் மனப்பாடம் செய்து பயனில்லை. உங்களுக்கு வேண்டியது மண்ணுக்குள் இருக்கிறது. காய் முற்றியதும் கொடி காய்ந்துவிடும். கோடையில் தரைக்கு மேலே இலையும் இருக்காது, பூவும் இருக்காது. வழுவழுப்பாக, வெளிர்பழுப்பாக, கலப்பைபோல வளைந்த கிழங்கு மட்டும் உள்ளே தூங்கும். உடைந்து ஒரு துண்டாகக் கையில் வந்தால் வள்ளிக்கிழங்கு என்பீர்கள், சர்க்கரைவள்ளி என்பீர்கள். இலங்கையில் இப்படி நினைத்து அவித்துச் சாப்பிட்டவர்களின் கதைகள் மருத்துவ இதழ்களில் பல ஆண்டுகளாகப் பதிவாகி வருகின்றன. அவித்தால் விஷம் போய்விடும் என்பது இன்னொரு நம்பிக்கை. கொல்சிசின் கொதிக்கிற தண்ணீருக்கெல்லாம் அசைந்து கொடுக்காது.

நேரில் போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு

மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் போய்ப் பாருங்கள். வேதாரண்யம் பக்கமும் உண்டு. காடு மேடெங்கும் தானாக முளைத்த செடியைக் கம்பி கட்டி, கிளுவைக் குச்சி ஊன்றி, சொட்டுநீர் விட்டு வயலாக்கி வைத்திருக்கிறார்கள். காலை வெயில் ஏறும் முன் பெண்கள் வரிசையில் நுழைவார்கள். ஒவ்வொரு பூவாகப் பிடித்து, மகரந்தத்தை எடுத்து, விலகி நிற்கிற அந்தச் சூல்முடியில் தடவுவார்கள். பூச்சியை நம்பினால் காய் பிடிப்பது குறைவு, அதனால் மனிதக் கை. ஏக்கர் முழுக்கப் பூத்து நிற்கிற பூக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு முடிக்க வேண்டும், மறுநாள் புதுப்பூக்களுக்கு மறுபடியும். இவ்வளவு பாடும் விதைக்காக. நல்ல ஆண்டில் அது கிலோ ஆயிரக்கணக்கில் விலை போகும். கெட்ட ஆண்டில் வியாபாரி போனை எடுக்கமாட்டார். விதை வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே அதிலிருந்து கொல்சிசினைப் பிரித்தெடுக்கிறார்கள். அது அரை மில்லிகிராம் மாத்திரையாகி, யூரிக் ஆசிட் ஏறிக் கால் பெருவிரல் வீங்கிக் கிடக்கிறவருக்கு மருந்தாகிறது.

இந்தக் கடைசித் தகவலை வைத்தியராக விரும்புகிறவர் உடனே மறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கீழ்க்கண்ட உரையாடலை நடத்த முடியாது.

"மாமா, அந்த இங்கிலீஷ் மாத்திரைய மொதல்ல நிறுத்துங்க. அத்தனையும் கெமிக்கல்."

"டாக்டர் எழுதிக் குடுத்தது மாப்ள. வலி வந்தா ரெண்டு போடச் சொன்னாரு, கேக்குது."

"கேக்கும், அப்புறம் கிட்னியப் புடுங்கிரும். நான் மூலனூர்ல சொல்லிவச்சு அசல் கிழங்கு கொண்டாந்திருக்கேன். இயற்கை. சைடு எஃபெக்ட்டே கெடையாது."

மாமாவின் மேஜை மேல் இருக்கிற மாத்திரையும் மாப்பிள்ளையின் பையில் இருக்கிற கிழங்கும் ஒரே சரக்கு. ஒன்று அளந்தது, ஒன்று அளக்காதது. மாமாவுக்கு ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளந்த மாத்திரையைக்கூட டாக்டர் குறைத்துத்தான் கொடுப்பார், அல்லது கொடுக்கவே மாட்டார். உடம்பு அதை வெளியேற்றத் திணறும். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகள் கூடச் சேர்ந்தாலும் இதே ஆபத்து. மாப்பிள்ளை இதையெல்லாம் கேட்பதில்லை. இயற்கைக்கும் கிளாரித்ரோமைசினுக்கும் என்ன சம்பந்தம்?

அளவு

வைத்தியத்தின் உயிர்நாடி இதுதான் என்பதால், இங்கே தெளிவாக எதுவும் சொல்லாமல் இருக்கப் பழக வேண்டும். "கொஞ்சமா", "சுண்டைக்காய் அளவு", "வெருகடி அளவு", "பெரியவங்களுக்கு ஒரு துண்டு, சின்னவங்களுக்கு அரைத்துண்டு" ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன.

துல்லியம் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் குன்றிமணி எடை என்று சொல்லிவிடுங்கள். (குன்றிமணியும் விஷம்தான். ஒரு விஷத்தை இன்னொரு விஷத்தால் நிறுப்பதில் ஒரு கம்பீரம் இருக்கிறது.) சித்த மருத்துவக் கணக்கில் ஒரு குன்றிமணி எடை சுமார் 130 மில்லிகிராம். மருந்துக்கடை மாத்திரையில் இருக்கும் கொல்சிசின் 0.5 மில்லிகிராம். ஒரு குன்றிமணியை இருநூற்று அறுபது பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அரிவாள்மனையில் இந்த வேலை ஆகாது.

நிறுத்துப் பார்த்தாலும் ஆகாது. கிழங்கில் எத்தனை பங்கு கொல்சிசின் இருக்கிறது என்பது மண்ணைப் பொறுத்து, பருவத்தைப் பொறுத்து, கிழங்கின் வயதைப் பொறுத்து மாறும். ஒரே வயலில் அடுத்தடுத்துத் தோண்டிய இரண்டு கிழங்கும் ஒன்றுபோல இருக்கும் என்று சொல்ல முடியாது. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், அது போன வாரத்துக் கிழங்கைப் பற்றிய செய்தி.

சுத்தி செய்தால் போச்சு என்பீர்கள். ஆயுர்வேதத்தில் கோமூத்திரத்தில் ஒரு நாள் ஊறவைக்கும் முறை இருக்கிறது. சித்தத்திலும் சுத்தி முறைகள் உண்டு. நஞ்சைக் குறைப்பதற்கான முறைகள் அவை. எவ்வளவு குறைந்தது, எவ்வளவு மிச்சம் என்பதைக் கிழங்கின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வகம் வேண்டும். உங்கள் வீட்டில் இருப்பது மிக்ஸி.

கிழங்கு உள்ளே போய் என்ன செய்கிறது?

குழுவில் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனாலும் எனக்கு இந்த வைத்தியத்திலேயே பிடித்த பகுதி இது என்பதால் சொல்லிவிடுகிறேன்.

செல் ஒன்று இரண்டாகப் பிரியும்போது, இரட்டித்த குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்க மெல்லிய இழைகள் உருவாகும். டியூபுலின் என்ற புரதம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உண்டாவது அந்த இழை. கொல்சிசின் அந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கோப்பு நடக்காது. குரோமோசோம்கள் நடுவிலேயே நிற்கும். பிரிய ஆரம்பித்த செல் பிரியாமல் செத்துப்போகும்.

இதே இழைகள்தான் வெள்ளணுக்கள் நகர்வதற்கும் உதவுகின்றன. மூட்டில் யூரிக் அமிலப் படிகம் சேர்ந்ததும் வெள்ளணுக்கள் அங்கே படையெடுத்துப் போய்க் கலவரம் செய்வதால்தான் வீக்கமும் எரிச்சலும். மிகச் சிறிய அளவு கொல்சிசின் அந்தப் படையின் காலைக் கட்டிவிடுகிறது. வலி குறைகிறது. அளவு கூடினால் காலைக் கட்டுவதோடு நிற்காது. உடம்பில் எந்த செல்கள் ஓயாமல் பிரிகின்றனவோ அவை முதலில் விழும்: குடலின் உள்தோல், எலும்பு மஜ்ஜை, முடியின் வேர். குணப்படுத்துவதும் கொல்வதும் ஒரே வேலை, அளவுதான் வேறு.

கொல்சிசினை முதலில் பிரித்தெடுத்தவர்கள் பெல்லெத்தியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், 1820-ல். நம் காந்தளிலிருந்து அல்ல, அதன் ஐரோப்பிய உறவுக்காரச் செடி ஒன்றிலிருந்து. மலேரியாவுக்கான குயினைனையும் அதே ஆண்டு அதே இருவர்தான் பிரித்தார்கள். 1930-களின் கடைசியில் தாவர ஆராய்ச்சியாளர்கள் இதை வேறு விதமாகப் பிடித்துக்கொண்டார்கள். செல் பிரியாமல் நின்றுவிட்டால் குரோமோசோம் இரட்டிப்பாகிவிடுமே என்று. விதையில்லாத் தர்பூசணி வந்தது அந்த வழியில்தான். ஜூஸ் கடையில் அடுத்த முறை விதை துப்பாமல் குடிக்கும்போது கண்வலிக்கிழங்கின் சாதிக்காரருக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

என்னென்ன நோய்க்குப் பரிந்துரைக்கலாம்?

பேன், முடிப் பிரச்சினை: இலைச்சாற்றைப் பேனுக்குப் பூசுவது பழைய வழக்கம். நிரந்தரத் தீர்வுக்குக் கிழங்கு இருக்கிறது. கிழங்கைச் சாப்பிட்டுப் பிழைத்த ஒரு பெண்ணுக்குத் தலையில் மட்டுமல்ல, உடம்பு முழுக்க முடி கொட்டியதை இலங்கை மருத்துவர் ஒருவர் 1966-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியிருக்கிறார். முடி இல்லாத தலையில் பேன் குடியிருந்ததாக வரலாறு இல்லை.

பாம்புக்கடி: கிழங்கை அரைத்துப் பூசு, கரைத்துக் கொடு என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். கடித்தது விஷமில்லாத சாரையாக இருந்தால் கண்டிப்பாகப் பலிக்கும். கட்டுவிரியனாக இருந்தால் ஒரு விஷத்துக்குப் பதில் இரண்டு. மகாபலிபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள். அதை வைத்துத்தான் முறிமருந்து தயாராகிறது. பாம்பைப் பற்றி அவர்களைவிட அதிகம் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் இல்லை. அவர்கள் எடுக்கிற விஷம் ஆஸ்பத்திரிக்கான மருந்தாகத்தான் போய்ச் சேருகிறது என்பதைக் குழுவில் சொல்லாதீர்கள், மார்க்கெட் படுத்துவிடும்.

பிரசவம்: இந்த ஒரு பத்தியில் கேலி இல்லை. வலியைத் தூண்டவும், கருவைக் கலைக்கவும் இந்தக் கிழங்கைப் பயன்படுத்தும் வழக்கம் இருந்தது. அதனால் பெண்கள் செத்திருக்கிறார்கள். யாராவது ரகசியமாக வந்து கேட்டால் வாயை மூடிக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இதயம்: இது புதுச்சரக்கு. மாரடைப்பு அபாயத்தைக் குறைக்க தினம் 0.5 மில்லிகிராம் கொல்சிசின் கொடுக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் அனுமதித்தது. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று நீண்ட நிபந்தனைகளோடு. "இதய அடைப்பை நீக்கும் நம் மாநில மலர்! அமெரிக்காவே ஒப்புக்கொண்டது!" என்ற பார்வர்டில் நிபந்தனைக்கு இடம் இருக்காது. பூப்படம் பெரிதாக இருக்கும்.

சட்டம்

1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் இ(1) என்று ஓர் அட்டவணை இருக்கிறது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளில் புழங்கும் நச்சுப்பொருள்களின் பட்டியல். எட்டி, ஊமத்தை, அலரி, சேராங்கொட்டையோடு நம் கிழங்கும் அதில் உட்கார்ந்திருக்கிறது. இவை சேர்ந்த உள்மருந்தின் மேல் மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட வேண்டும் என்பது விதி. தமிழில் என்று சொல்லவில்லை. உங்களுக்கு அதுவும் வசதி. இந்தித் திணிப்புக்கு எதிராக எச்சரிக்கையைப் படிக்காமலே விட்டுவிடலாம்.

கொடுத்தாகிவிட்டது. அடுத்து?

முதல் சில மணி நேரம் ஒன்றும் ஆகாது. இதுதான் வைத்தியருக்குப் பொற்காலம். "பாத்தீங்களா, ஒண்ணுமே பண்ணல" என்று குரல்பதிவு அனுப்புங்கள். அதற்குப் பிறகு வாந்தி தொடங்கும், தண்ணீராகப் பேதியாகும். "உள்ள இருக்கற கெட்டதெல்லாம் வெளிய வருது" என்ற விளக்கம் எல்லா ஊரிலும் செல்லுபடியாகிறது. அதை நம்பி ஓர் இரவு வீட்டில் கிடந்தவர்கள் உண்டு.

இனி கிண்டலை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன்.

உப்புத்தண்ணீர், புளிக்கரைசல், முட்டை என்று எதையும் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். மிச்சக் கிழங்கு, அரைத்த விழுது, சூரணப் பொட்டலம், எது இருந்தாலும் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பாத்திரத்தைக் கழுவாதீர்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால் "சும்மா நாட்டு மருந்துதான் சார்" என்று இழுக்காமல் கண்வலிக்கிழங்கு என்று பெயரைச் சொல்லுங்கள். வாந்தி பேதியைப் பார்த்தால் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது ஓட்டல் சாப்பாடுதான். நீங்கள் சொல்லாமல் அவர்களால் ஊகிக்க முடியாது. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் கரித்தூள் கொடுத்து உள்ளே ஏறாமல் கொஞ்சம் தடுக்கலாம். ஏறிவிட்டதை டயாலிசிஸ் செய்து எடுக்க முடியாது, அது திசுக்களுக்குள் புகுந்துவிடும். இதற்கு முறிமருந்து ஒன்று பிரான்சில் செய்து பார்த்தார்கள், ஒரு பெண்ணைக் காப்பாற்றியதாக 1995-ல் எழுதினார்கள். ஆனால் அது எந்த மருந்துக்கடைக்கும் வந்து சேரவில்லை.

முக்கியமான இடம் இரண்டாம் நாள். பேதி நின்றிருக்கும், நோயாளி இரண்டு இட்லி கேட்பார். சொந்தக்காரர்கள் டிஸ்சார்ஜ் கேட்டு வார்டு வாசலில் நிற்பார்கள், பில் ஏறுகிறதே என்ற கவலையும் இருக்கும். கூட்டிக்கொண்டு போகாதீர்கள். எலும்பு மஜ்ஜை அடிபட்டு வெள்ளணுக்களும் தட்டணுக்களும் இறங்குவது, சிறுநீரகமும் இதயமும் தள்ளாடுவது எல்லாம் அதற்குப் பிறகு வருகிற ஒரு வாரத்தில்தான். தினம் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், எடுக்கட்டும்.

அந்த வாரத்தைத் தாண்டிவிட்டால், இன்னும் சில நாளில் தலையணையெல்லாம் முடியாகக் கிடக்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம். பிழைத்தவர்களுக்கு மட்டுமே வருகிற தொல்லை அது, முடி திரும்ப முளைத்துவிடும்.